நாற்றம் வேறு, ஆதாரம் வேறு

அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் முதல் தும்மலைத் தும்மியது யார் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அது லிஃப்டுக்குள், குடியிருப்போர் சங்கத் தலைவரின் முகத்துக்கு நேராகத் தும்மப்பட்டது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. வேறு யார் முகத்தில் விழுந்திருந்தாலும் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள். தலைவர் முகத்தில் விழுந்ததால் ஒரு குழு பிறந்துவிட்டது.

குழுவின் பெயர் 'உள்ளகக் காற்று நல்லொழுக்கக் குழு'. வீட்டுப் பிராணிகளின் நாற்றத்தையும், அவற்றின் முடியாலும் பொடுகாலும் வரும் ஒவ்வாமையையும் ஒழித்துக்கட்டுவது அதன் நோக்கம். காற்றுக்கு என்ன ஒழுக்கம், அது எப்போது கெட்டுப்போனது என்று ஒருவர் கேட்டார். குழு முதல் சோதனைக்கு அவர் வீட்டுக்குத்தான் போனது. அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

தலைவர் ஏதோ ஒரு பெரிய கம்பெனியில் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனி அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவர் யாருக்கும் ஓய்வு கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையில்கூட 'பார்த்தேன், ஆவன செய்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மனைவியிடம் நீட்டுவாராம். மகள் வீட்டுக்குப் போன அந்த அம்மாள் இன்னும் திரும்பி வரவில்லை. அன்று முதல் தலைவர், தரைத்தளத்தில் லிஃப்டை ஒட்டியிருந்த சங்க அலுவலகத்திலேயே பகலெல்லாம் குடியிருந்தார். ஜன்னல் இல்லாத அறை; ஏசி ஓயாமல் ஓடும். அதனால் கொளுத்துகிற வெயிலிலும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை அவர் உடம்பை விட்டு இறங்காது.

குழுவில் அடுத்தவர் செயலாளர் அம்மாள். கையடக்க ஒலிபெருக்கி இல்லாமல் அவருக்குப் பேச வராது. எதிரே ஒரே ஒரு ஆள்தான் என்றாலும் அதை வாயருகே வைத்துக்கொண்டுதான் "எனக்குக் காபி வேணாம்" என்பார். தலைவர் நாற்காலியின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

மூன்றாமவர் குழுவின் உயிர்நாடி. அவரை எல்லோரும் மூக்கர் என்றார்கள். நாற்றம் இருக்கிறதா இல்லையா என்று இறுதித் தீர்ப்பு சொல்வது அவர் வேலை. பேருந்துகளுக்குச் சாயம் அடிக்கிற பட்டறையில் காலம் தள்ளியவர். சாய நெடியில் அவருடைய மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். இதை ஒருவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து சொன்னபோது தலைவர் அசரவில்லை.

"எல்லார் மூக்குக்கும் விருப்பு வெறுப்பு இருக்கு. ஒருத்தருக்கு நாய் பிடிக்கும், ஒருத்தருக்குப் பூனை பிடிக்கும். இவர் மூக்குக்கு எதுவுமே தெரியாது! இதைவிட நடுநிலையான மூக்கு உங்களுக்கு எங்க கிடைக்கும், சொல்லுங்க பாப்போம்?"

கைதட்டினார்கள். அந்தக் கூட்டத்திலேயே விதியும் நிறைவேறியது. நாற்றத்துக்குக் காரணமானது எதுவோ அது 'ஊற்றுக்கண்' எனப்படும். ஒரு காற்றுக்கு ஒரு ஊற்றுக்கண்தான் இருக்க முடியும். அது கண்டுபிடிக்கப்பட்டால் காற்று தெளியும்வரை கட்டிடத்தை விட்டு வெளியேற்றப்படும். ஊற்றுக்கண் என்பதற்குப் பதில் பிராணி என்றே எழுதலாமே என்றார் செயலாளர் அம்மாள். "எழுதினா கிளிக்காரர் தப்பிச்சிடுவார். கிளி பறவை, பிராணி இல்லைம்பார். ஓட்டையே இருக்கக் கூடாது" என்று தலைவர் மறுத்துவிட்டார்.

நம் கண்ணாடிக்காரர் இத்தனைக்கும் தலையாட்டிவிட்டு வந்தவர். அது அவர் சுபாவம். முதலில் தலையாட்டிவிடுவார், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் யோசனை வரும். அடுத்த தெருவில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வீடு நாலாவது மாடி. மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவர், அதனால் கோபத்தைக்கூட மெல்லிய குரலில்தான் காட்டுவார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு இளைப்பு உண்டு. கைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் வாசல் தாண்டமாட்டார்.

பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் மூன்றாவது ஆள் ஒரு கிழட்டு நாய். ஒரு மழைநாளில் கடைக்குள் நனைந்துகொண்டு வந்து, கண் பரிசோதனை அட்டைக்கு எதிரே உட்கார்ந்தது. அதோடு சரி, போகவில்லை. வேலை எதுவும் செய்யாமல், வேலை செய்கிறவர்களையே முறைத்துக்கொண்டிருந்ததால் 'மேனேஜர்' என்று பெயர் வைத்தார்கள். இப்போது பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. எழுந்து நிற்பதற்கு முன் கொஞ்ச நேரம் யோசிக்கும்.

இளைப்புக்காரி இருக்கிற வீட்டில் நாயா என்று ஊரே கேட்டதுண்டு. மனைவி அதற்கெல்லாம் ஒரு வழி வைத்திருந்தார். மேனேஜர் படுக்கையறை வாசலைத் தாண்டக் கூடாது. அதன் விரிப்பை வாரந்தோறும் கொதிநீரில் அலசி வெயிலில் போடுவார்கள். முடி சீவுவது பால்கனியில், அதுவும் கண்ணாடிக்காரர் கையால். தரையைப் பெருக்குவதில்லை, பெருக்கினால் முடியும் தூசியும் பறக்கும் என்று ஈரத்துணியால்தான் துடைப்பார்கள். இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்திருக்கும், காற்று வீட்டுக்குள் நுழைந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும். நாய் இருக்கிற வீட்டில் நாய் வாசனை இருக்கத்தான் செய்தது. ஆனால் அம்மாளுக்கு மூச்சு முட்டவில்லை.

இந்த வீட்டுக்குத்தான் ஒரு நாள் மாலை குழு வந்தது.

மூவரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து கண்களை மூடினார்கள். 'மௌன மோப்பம்' என்று அதற்குப் பெயர். அது முடிந்ததும் மூக்கர் எழுந்து வீட்டைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு மூலையிலும் நின்று சத்தமாக மூச்சை இழுப்பார். இழுத்துவிட்டுத் திரும்பி மற்றவர்களின் முகத்தைப் பார்ப்பார். யார் முகம் சுளிக்கிறதோ அங்கே நாற்றம். அவ்வளவுதான் அவருடைய கலை. மேனேஜரின் விரிப்பருகே வந்து மூச்சை இழுத்தபோது தலைவர் முகத்தைச் சுளித்தார். கண்ணாடிக்காரர் பயத்தில் விழித்தார்.

"இருக்கு" என்றார் மூக்கர்.

"எவ்வளவு?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார் செயலாளர் அம்மாள்.

மூக்கர் கண்ணாடிக்காரரின் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார். "நிறைய."

உடனே ஆதாரம் சேகரிக்கும் சடங்கு தொடங்கியது. மேனேஜரின் முதுகிலிருந்து ஒரு பிடி முடியைக் கத்தரித்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டார்கள். அன்று காலைதான் மேனேஜர் நனைத்துவிட்டிருந்த விரிப்பைச் சுருட்டி இன்னொரு பெரிய ஜாடியில் திணித்தார்கள். மேனேஜர் தன் விரிப்பு போவதைப் பார்த்துக்கொண்டு வெறும் தரையில் படுத்தது.

"அதை அலசித் தரட்டுமா?" என்று கேட்டார் மனைவி.

"அலசினா ஆதாரம் போயிடும்மா" என்றார் தலைவர், விவரம் தெரியாத பிள்ளையிடம் சொல்வதுபோல.

மறுநாள் உத்தரவு வந்தது. நாற்றம் வெளியேறி அண்டை வீட்டைப் பாதிக்காமல் இருக்க ஜன்னல்களை எல்லாம் மூடி, இடுக்குகளில் ஒட்டுநாடா ஒட்ட வேண்டும். அறைக்கு ஒன்றாக வாசனைக் குச்சி எந்நேரமும் எரிய வேண்டும். ஊற்றுக்கண்ணைத் தினமும் மருந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். அது லிஃப்டில் ஏறக் கூடாது; வெளிப்படிக்கட்டு வழியாகத்தான் போய்வர வேண்டும்.

கண்ணாடிக்காரர் வழக்கப்படி தலையாட்டினார். நாயைக் குழந்தைபோலத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடியும் ஏறி இறங்கினார். தினமும் சோப்புப் போட்டதில் மேனேஜரின் தோல் வறண்டு பொடுகு பொடுகாக உதிர ஆரம்பித்தது. காற்றுப் போக வழியில்லாமல் நாய் வாடையும் குச்சிப் புகையும் கூடிக் குலவின. அடுத்த சோதனைக்கு வந்த குழு வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டது.

"பாருங்க, நாங்க போன தரம் சொன்னப்போ நீங்க நம்பல. இப்போ எப்படி வளர்ந்திருக்கு பாத்தீங்களா? குழுவோட கணிப்பு தப்பவே தப்பாது" என்றார் தலைவர் பூரித்துப்போய்.

"நீங்க ஜன்னலை மூடச் சொன்னதுக்கு அப்புறம்தாங்க இப்படி..."

"மூடியே இவ்வளவு இருக்குன்னா, திறந்திருந்தா எவ்வளவு இருந்திருக்கும்? நினைச்சுப் பாருங்க!"

கண்ணாடிக்காரர் நினைத்துப் பார்த்தார். தலை சுற்றியது.

அந்த வாரமே அவர் மனைவிக்கு இளைப்பு வந்தது. வழக்கமான இளைப்பு இல்லை. இன்ஹேலர் பயன்படவில்லை; உதடு நீலம் பாரித்தது. கண்ணாடிக்காரர் ஒட்டுநாடாவைப் பிய்க்க முடியாமல் ஜன்னல் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்துவிட்டு, அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிழைத்தது மறுபிறப்பு.

டாக்டர் அம்மா விவரம் கேட்டார். "இளைப்பு இருக்கறவங்க வீட்டுல ஜன்னலை எல்லாம் ஒட்டி, புகை போடச் சொன்னது யார்?"

"காற்று நல்லொழுக்கக் குழுங்க."

டாக்டர் அம்மா டார்ச் விளக்கை எடுத்துக் கண்ணாடிக்காரரின் கண்களையும் ஒரு தரம் சோதித்துப் பார்த்தார்.

மறுநாள் தலைவர் பெரிய பூங்கொத்தோடு வந்தார். மூச்சுத்திணறல் வார்டுக்குள் பூ கூடாது என்று நர்ஸ் வாசலிலேயே பிடுங்கி வைத்தார். தலைவர் கட்டிலருகே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதுபோலப் பேசினார்.

"அம்மா, நீங்க படற அவஸ்தை வீண் போகாது. எங்ககிட்ட புகார் இருந்தது, தும்மல் இருந்தது. ஆனா ஆஸ்பத்திரி வரைக்கும் வந்த கேஸ் ஒண்ணுகூட இல்லாம ஒரு குறையாவே இருந்தது. அந்தக் குறையை நீங்க தீர்த்து வெச்சிட்டீங்க. குழு சார்பா நன்றி. இனிமே எங்களை யாரும் கேள்வி கேக்க முடியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள நாயை வெளியேத்திடுங்க."

மனைவியின் முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். கண்களைப் பார்ப்பதே தொழிலாக இருந்தும் அப்படிப்பட்ட கண்களை அவர் அதுவரை பார்த்ததில்லை. தலைவர் அதைக் கவனித்திருந்தால் அன்றே வேறு ஊருக்குக் குடிபோயிருப்பார்.

மேனேஜர் போயிற்று. ஊருக்கு வெளியே இருந்த நாய் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். கம்பிக் கதவுக்குள் விட்டதும் அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாசலைப் பார்த்துப் படுத்தது. கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்க்காமல் வந்தார். திரும்பிப் பார்த்திருந்தால் வந்திருக்கமாட்டார்.

விடுதிக்காரரிடமிருந்து போன் வந்தது. "சாப்பிட மாட்டேங்குதுங்க. நானும் என்னென்னவோ குடுத்துப் பாத்துட்டேன். வயசான உடம்பு, இப்படியே கிடந்தா தாங்காது. சொல்லிட்டேன்."

கண்ணாடிக்காரர் தலைவரிடம் போய்க் கெஞ்சினார். காற்று தெளியட்டும் பார்க்கலாம் என்றார் தலைவர். அதன் பின், அசல் ஊற்றுக்கண் எது என்று உறுதியாகும்வரை என்று சொல்லி, கட்டிடத்தில் ஒவ்வொன்றாக எல்லாம் வெளியேற்றப்பட்டன. மூன்றாம் மாடியின் வெள்ளைப் பூனை, கிளிக்காரரின் கிளி, யாரோ ஒரு முயல். கடைசியில் ஒரு மீன் தொட்டியும் போனது. மீனுக்கு முடி கிடையாதே என்று கேட்டதற்கு, "இப்போதைக்கு இல்லை" என்றார் தலைவர்.

வேடிக்கை என்னவென்றால் தும்மல் நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாயிற்று. கண்ணாடிக்காரரின் கடைக்குக் கட்டிடத்து ஆட்களாக வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் கண்ணும் சிவந்து நீர் கோத்திருந்தது. "பவர் மாறிடுச்சு போல, கண்ணெல்லாம் எரியுது" என்பார்கள். பவர் மாறவில்லை. எப்போதிலிருந்து எரிகிறது என்று கேட்டால், "நேத்து குழு வந்துட்டுப் போனதிலிருந்து" என்பார் ஒருவர். அடுத்தவரும் அதையே சொல்வார். கண்ணாடிக்காரருக்குப் பொறி தட்டவில்லை. தலையாட்டிவிட்டுச் சொட்டு மருந்து வாங்க மருந்துக்கடைக்கு வழி சொல்லி அனுப்பினார்.

பொறி தட்டியது தலைவரே கடைக்கு வந்த அன்று. அவருடைய கண்ணாடியின் காது கழன்று ஆடியது. திருகாணியை முடுக்குவதற்காகக் கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தார். திருகாணியைச் சுற்றி நூல் சுற்றியதுபோல முடி. குறட்டால் மெல்ல இழுத்து மேசைமேல் வைத்தார். வெள்ளையாகச் சில, அது பூனை. பச்சையாக ஒரு பிசிறு, அது கிளி. அப்புறம், வேரில் கறுப்பும் நுனியில் பழுப்புமாக நாலைந்து. தினமும் பால்கனியில் உட்கார்ந்து சீவிய கைக்கு அது யாருடையது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஐயா வீட்டுல ஏதாவது வளக்கறீங்களா?" என்று கேட்டார்.

"நானா? நான் ஒழுக்கத்தை வளக்கறேன்" என்றார் தலைவர், சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளை முடியைத் தட்டிவிட்டுக்கொண்டு.

மேனேஜரைப் பற்றி விசாரிக்கிற சாக்கில் கண்ணாடிக்காரர் மறுநாள் சங்க அலுவலகத்துக்குப் போனார். கதவைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் கண்ணில் நீர் முட்டியது. சுவர் முழுக்க அடுக்கடுக்காக ஜாடிகள். ஈரத்தோடு திணித்த விரிப்புகள் பூஞ்சை பூத்து மூடியை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. இடம் போதாமல் பல ஜாடிகள் திறந்தே கிடந்தன. கிளிக்கூண்டு கழுவாமல் கொள்ளாமல் அப்படியே தொங்கியது. பூனையின் மண்தட்டு மண்ணோடும் மற்றதோடும் இருந்தது. நடுவில் தலைவர், முயல் படுத்திருந்த மெத்தையை முதுகுக்கு அணையாக வைத்துக்கொண்டு, உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அங்கேயே ஊறிப்போன மூக்கு அது. அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"ஏசி எதுக்குங்க ஐயா இவ்வளவு?"

"சாட்சியம் கெட்டுப்போகக் கூடாது பாருங்க. எந்த வீட்டு நாத்தத்தை எப்போ எடுத்தோமோ அது அப்படியே இருக்கணும். இதுல ஒண்ணுகூட நான் வீணாக்கலை" என்று பெருமையோடு கையை வீசிக் காட்டினார். அவர் கை வீசியதில் கம்பளிச் சட்டையிலிருந்து முடிகள் பறந்து, ஏசி காற்றில் மிதந்து, திறந்த கதவு வழியாக லிஃப்டுக்குள் போயின.

கண்ணாடிக்காரர் படியேறி வந்து மனைவியிடம் சொன்னார். மனைவி சிரித்தார். மூச்சு வாங்கும்வரை சிரித்துவிட்டு இன்ஹேலரை இழுத்துக்கொண்டார்.

"இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்று எழுந்தார் கண்ணாடிக்காரர்.

"உக்காருங்க. சொன்னா என்ன பண்ணுவார்? காதும் காதும் வெச்ச மாதிரி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு அறையைக் கழுவி விட்டுடுவார். காத்து தெளிஞ்சது குழுவாலன்னு ஒரு கூட்டம் போட்டு மாலை வாங்கிப்பார். நம்ம குழந்தை அங்க பட்டினி கிடந்து செத்துப்போகும்."

"அப்ப என்ன பண்ணலாங்கறே?"

"புகார் குடுங்க. பொது இடத்துல நாத்தம்னு மட்டும் சொல்லுங்க. எங்கன்னு சொல்லாதீங்க. மூக்கர் கண்டுபிடிக்கட்டும். மேனேஜர் உயிரோட திரும்பி வரணும், அது முதல்ல." மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அதோட எனக்கு மனசு ஆறாது. கட்டில்கிட்ட வந்து நின்னு நன்றி சொன்னாரே, அந்த ஆள் அசிங்கப்படணும். எல்லார் முன்னாடியும். நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

முதல்முறையாகக் கண்ணாடிக்காரர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அவருக்குள்ளும் அதே கறுவல்தான் இருந்தது. இவ்வளவு நாளும் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

குழுவுக்கு அப்போது போதாத காலம். வெளியேற்ற இனி ஒரு ஈகூட மிச்சமில்லை என்பதால் புகார் வறண்டுபோயிருந்தது. புகார் இல்லாத குழு எதற்கு என்று நாலு பேர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். கண்ணாடிக்காரர் போய்ப் பொது இடத்தில் நாற்றம் என்றதும் தலைவர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். மேனேஜரின் முடி அவர் சட்டையிலிருந்து கண்ணாடிக்காரர் தோளுக்கு வந்தது.

"உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும், இந்தக் கட்டிடம் எங்கயோ போயிடும். சும்மா விடக் கூடாது இதை. எல்லாரையும் கூப்பிடுவோம். மாபெரும் பொது மோப்பம்!"

சனிக்கிழமை காலை லிஃப்ட் முன்கூடத்தில் கட்டிடமே கூடியது. பூனைக்காரம்மா, கிளிக்காரர், முயலைப் பறிகொடுத்தவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கண்ணாடிக்காரரின் மனைவி முகத்தில் துணி கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

தலைவர் பேசினார். "இன்னிக்குக் குழு யாருக்கும் பயப்படாதுன்னு நிரூபிக்கப் போறோம். ஊற்றுக்கண் எதுவா இருந்தாலும் சரி, யாரோடதா இருந்தாலும் சரி, தயவு தாட்சண்யமே கிடையாது. வயசாயிடுச்சு, நடக்க முடியலைன்னு எந்தச் சாக்கும் நான் கேக்கமாட்டேன்!" சொல்லும்போது கண்ணாடிக்காரரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு, ஒலிபெருக்கியை உள்ளே மறந்து வைத்துவிட்டேன் என்ற செயலாளர் அம்மாளுக்காக அலுவலகக் கதவைத் தன் கையாலேயே விரியத் திறந்துவிட்டார்.

மூக்கர் மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பி முகங்களைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. பூனைக்காரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கிளிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் மொத்தமும் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கியது. தலைவர் ஒருவர்தான் சிரித்த முகத்தோடு நின்றார்.

மூக்கர் ஒவ்வோர் அடியாகக் கதவை நோக்கி நடந்தார். அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தார். முகங்கள் கோணிக்கொண்டே போயின. வாசற்படியில் நின்று கையை உயர்த்தினார்.

"இங்கதான்."

தலைவர் சிரித்தார். "மூக்கரே, சரியாப் பாருங்க. அது நம்ம சான்று அறை."

"முகம் பொய் சொல்லாதுங்க" என்றார் மூக்கர். நாணயமான மனிதர், தனக்குத் தெரிந்த ஒரே வேலையை ஒழுங்காகச் செய்தார்.

"அது நாத்தம் இல்லைய்யா! ஆதாரம்!" என்று தலைவர் குரலை உயர்த்தினார். "நாத்தம் வேற, ஆதாரம் வேற. வீட்டுல இருந்தா நாத்தம். முத்திரை வெச்சு அலுவலகத்துக்கு வந்துட்டா அது ஆதாரம். இந்த அடிப்படைகூடத் தெரியாம..."

"அந்த ஆதாரத்துக்கு முடி உதிராதுங்களா?" என்று மெல்லிய குரலில் கேட்டார் கண்ணாடிக்காரரின் மனைவி. நூலகக் குரல், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

யாரோ தலைவரின் கம்பளிச் சட்டையைச் சுட்டிக்காட்டினார்கள். மூக்கர் கடமை தவறாதவராகத் தலைவரின் தோளருகே போய், மூச்சை இழுத்து, திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் ஒன்றாகத் தும்மியது.

"அறையை விட இவர்கிட்ட அதிகம்" என்றார் மூக்கர். "நடமாடறதும் இவர்தான். ஊற்றுக்கண் இவர்தாங்க."

செயலாளர் அம்மாள் உள்ளேயிருந்து எடுத்து வந்த ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். இத்தனை நாள் காத்திருந்த கணம் அது. "ஊற்றுக்கண் கண்டுபிடிக்கப்பட்டது! விதிப்படி நாளைக்குள் வெளியேற்றப்படும்!"

"ஊற்றுக்கண்ணுன்னா பிராணிம்மா!" என்று கத்தினார் தலைவர்.

"பிராணின்னு எழுதலாம்னு நான்தானே ஐயா சொன்னேன். ஓட்டை விழும்னு நீங்கதானே வேணாம்னீங்க" என்று ஒலிபெருக்கி அதிரச் சொன்னார் செயலாளர் அம்மாள். "இன்னைக்கு முழுக்க வீட்டு ஜன்னல்களை ஒட்டணும். வாசனைக் குச்சி. மருந்து சோப்பு. லிஃப்ட் கிடையாது."

"ஒரு காத்துக்கு ஒரு ஊற்றுக்கண்தானே?" என்று கேட்டார் கண்ணாடிக்காரரின் மனைவி. "அப்ப எங்க நாய் ஊற்றுக்கண் இல்லைன்னு ஆகுது."

"இல்லை! எல்லாம் திரும்பி வரலாம்!" என்றார், அந்த நிமிடமே புதிய தலைவராகிவிட்ட செயலாளர் அம்மாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பழைய தலைவருக்குப் போக இடம் வேண்டுமே. மகள் வீட்டுக்குப் போன் போட்டார். செயலாளர் அம்மாள் பழக்கதோஷத்தில் ஒலிபெருக்கியைப் போனருகே நீட்டினார். ஊர் கேட்க, மனைவியின் குரல் வந்தது.

"இங்கயா? பேத்திக்கு ஒத்துக்காதுங்க. வேற ஏதாவது விடுதி இருந்தா பாருங்களேன்."

கூட்டம் ஆளுக்கொரு ஜாடியை அவர் கையில் திணித்து, குப்பை வண்டிக்குக் கொண்டுபோக வைத்தது. கிளிக்காரர் கூண்டை அவர் தோளில் மாட்டிவிட்டார். கண்ணாடிக்காரர் தூணோரம் நின்று பார்த்தார். தனக்கு இரக்கம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். நல்ல மனிதர்களுக்கு அந்த இடத்தில் வரும் என்று கேள்விப்பட்டிருந்தார். வரவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருந்தது.

ஞாயிறு காலை கண்ணாடிக்காரர் விடுதியிலிருந்து மேனேஜரைத் தூக்கிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தது. மனைவி வாசலில் காத்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் தள்ளி, கையில் பெட்டியோடு பழைய தலைவர் நின்றுகொண்டிருந்தார். அவரை ஏற்றிக்கொள்ள வந்த டாக்ஸிக்காரர் கண்ணாடியை இறக்கி, ஒரு மூச்சு இழுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வெயிலிலும் பழைய தலைவர் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. நேற்றிலிருந்து ஒருவரும் அவர் பக்கத்தில் போகவில்லை.

மேனேஜர் கண்ணாடிக்காரரின் தோளில் நெளிந்தது. கீழே இறக்கிவிட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுந்து, தள்ளாடித் தள்ளாடிப் பழைய தலைவரிடம் நேராகப் போனது. பூனை, கிளி, முயல், தன் சொந்த விரிப்பு என்று எல்லாமே ஒரே இடத்தில் கிடைத்த சந்தோஷத்தில் அவருடைய செருப்பு முதல் முழங்கால்வரை மோந்து மோந்து பார்த்தது. இத்தனை நாள் அசையாத வால் ஆடியது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார், அதன் தலையைத் தடவ.

கண்ணாடிக்காரர் குனிந்து நாயைத் தூக்கிக்கொண்டார்.

"வாடா செல்லம்" என்றார், லிஃப்டை நோக்கி நடந்தபடி. "கண்டதை எல்லாம் மோந்து பாக்கக் கூடாது. ஒவ்வாமை வந்துடும்."